கவனக்குறைவு என்ற காரணம்

எந்தச் செயலைத் தொடங்குவதற்கு முன்பும் அவர் தம் விரல்களை எண்ணுவார். கட்டைவிரலின் நுனி மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும். இடக்கையில் ஐந்து, வலக்கையில் மூன்று. உதடு அசையாது, கண் மட்டும் ஒரு கணம் தாழும். அதன் பிறகே ஸ்கூட்டரின் சாவியைத் திருகுவார், வெங்காயம் நறுக்கக் கத்தியை எடுப்பார், சினந்து பேசியவருக்கு மறுமொழி சொல்வார். அறியாதவர் அதை ஏதோ மந்திரம் என்று எண்ணிக்கொள்வர். எட்டும் இருக்கின்றன என்று அவர் உறுதிசெய்துகொள்கிறார் என்பது எனக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டையின் பின்புறத்தில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு வீடுகளில் அவர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும், நான் தனியாகவும் ஏழாண்டுகள் வாழ்ந்தோம். நான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் மெய்யியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி முன்பே மறைந்துவிட்டாள். மகன் எல்லைக்கு அப்பால் பெங்களூரில் பணியாற்றினான். அவனுக்கு அருகில் இருக்கவும் வேண்டும், தமிழ்நாட்டை விட்டு நீங்கவும் மனமில்லை. இரண்டுக்கும் நடுவே ஓசூர் அமைந்தது. அவர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிப்பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் என்று எல்லாரும் அழைக்கும் அழுத்து இயந்திரத்தை இயக்குபவர். மேலிருந்து இறங்கும் பெரும் இரும்பு, தகட்டை ஒரே அடியில் வளைத்து வடிவாக்கும். அந்த அடி தொழிற்பேட்டை முழுவதும் நெஞ்சுத்துடிப்பைப் போல இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். சில திங்களில் அது எனக்குப் பழகிப்போய், கேட்காத நாளில்தான் உறக்கம் கெட்டது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதுவதற்கு அவரிடம் இசைவு பெறவில்லை. அவர் இப்போது ஓசூரிலும் இல்லை. வேப்பனப்பள்ளிப் பக்கத்தில், மனைவியின் ஊரில், மாந்தோப்புகளில் பழம் தரம்பிரிக்கும் வேலையில் இருக்கிறார் என்று கேள்வி.

எங்கள் நட்பு பாலில் தொடங்கியது. காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் புத்தகத்தைத் திறப்பேன். அவ்வளவுதான். பால் பொங்கும், வழியும், அடுப்பு அணையும். ஒருநாள் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“சார், பால்.”

ஓடிப்போய் அணைத்தேன். மறுநாளும் அதே குரல். ஒரு வாரத்துக்குப் பிறகு குரலுடன் கூடவே அறிவுரையும் வந்தது.

“சார், புஸ்தகம் எங்கயும் ஓடிப்போவாது. பால்தான் ஓடிப்போவும்.”

அவர் மனைவி உள்ளிருந்து, “உடுங்க, சாரு ஏதோ பெருசா யோசனை பண்றாரு,” என்றார். வேப்பனப்பள்ளிக்காரர், வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ், கறிகாய்க்காரியிடம் கன்னடம். மூன்றிலும் கணவரைக் கேலி செய்யத் தெரிந்தவர்.

நான் அப்போது எதைப் பற்றிப் பெரிதாக எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். ஏறத்தாழ ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில், தூண்கள் வரிசையாய் நின்ற ஒரு மண்டபத்தில் கூடிப் பேசியவர்களின் மெய்யியலை, ஸ்டோயிக் மரபு என்று உலகம் அழைப்பதை, தமிழில் விளக்கும் நூல் ஒன்றை எழுதிவந்தேன். அவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக விழிப்பைப் போற்றினர். ஓர் எண்ணம் மனத்தின் வாயிலில் வந்து நிற்கும்போதே அதை நிறுத்தி, நீ யார் என்று கேட்கவேண்டும். நம் ஆளுகைக்குள் உள்ளது எது, உட்படாதது எது என்று பிரித்தறியவேண்டும். நாள் முடிவில் அன்றைய செயல்களைத் தனக்குத்தானே விசாரித்துக்கொள்ளவேண்டும் என்றனர். கவனத்தைப் பற்றிய இயலை எழுதும்போதுதான் பால் மிகுதியாகப் பொங்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

சுவருக்கு அப்பாலோ, அம்மரபின் பெயரையே கேட்டறியாத ஒருவர் அதன் ஒழுக்கங்களை நாள்தோறும் நிகழ்த்திக்கொண்டிருந்தார். பணி முடிந்து வந்ததும் வாசற்படியில் அமர்ந்து காலணியைக் கழற்ற அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். ஒரு கயிற்றை அவிழ்ப்பார், நிறுத்துவார், எங்கோ பார்ப்பார், அடுத்த கயிறு.

“ஷூவக் கழட்டறதுக்கு ஒரு ஜாமம்,” என்பார் மனைவி. “சோறு ஆறிப்போவுது.”

“ஷூவ இல்ல, பேக்டரியக் கழட்டினு இருக்கறன். அதோட உள்ள வந்தா உங்கிட்டத்தான் சண்டை போடுவன்.”

“போட்டாத்தான் என்னா, பேச்சுக்கு ஆளாவது கெடைக்கும்.”

சாப்பிடும்போது அவர் பேசுவதில்லை. நடக்கும்போது பாட்டுக் கேட்பதில்லை. மற்றவர் கை ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் போகும் இடங்களில் அவருடைய கையும் கண்ணும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். எங்கள் தெருவில் மிக்சி பழுதானாலும் மின்விசிறி தடுமாறினாலும் அவரைத்தான் அழைப்பார்கள். அவர் வந்தவுடன் கை வைக்கமாட்டார். முதலில் நின்று பார்ப்பார். “கொஞ்சம் சும்மா இருங்க, அதுவே சொல்லும்,” என்பார்.

அவர் பிறந்த ஊர் உத்தனப்பள்ளி. அவருடைய அண்ணன் அங்கே குத்தகை நிலத்தில் கேழ்வரகு பயிரிட்டிருந்தார். அறுவடை நாள் ஒன்றில் என்னையும் அழைத்துச் சென்றார். கதிர்களை அறுத்துக் களத்தில் குவித்திருந்த பிற்பகலில், இராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து மேகம் கருத்து எழுந்தது. அண்ணன் வானத்தைப் பார்த்து வைது தீர்த்தார். இவரோ விரலை எண்ணிவிட்டு, தார்ப்பாயின் மடிப்பைப் பிரிக்கத் தொடங்கினார். மழை விழுந்துவிட்டது. பாதிக் குவியல் நனைந்தபோதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“உனுக்கு ஒன்னுமே தோணலயாடா?” என்றார் அண்ணன்.

“தோணுது. மேல இருந்து வர்றதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? நம்ம கையில இருக்கறது தார்ப்பாயிதான்.”

“ஆமா, பெரிய சாமியாரு. பேசினது போதும், அந்த மூலைய இழு.”

இழுத்தார். நானும் ஒரு மூலையைப் பற்றினேன். நனைந்த கேழ்வரகுத் தாளின் மணம் இன்றும் என் மூக்கில் நிற்கிறது. அன்றிரவு என் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். நூல்களில் நாற்பது ஆண்டு தேடியது தார்ப்பாயின் மூலையில் கிடைத்தது என்று எழுதியதாக நினைவு. எழுதும்போது மிகவும் மகிழ்ந்தேன்.

விரல்கள் எவ்வாறு போயின என்று ஒருமுறை கேட்டேன். “கவனக்குறைவு சார்,” என்றார். அவ்வளவே.

அந்தச் சொல் அவர் வாயில் வரக்கூடிய சொல் அன்று. தம் பிழையைச் சொல்ல வேண்டுமானால் அசந்துட்டன் என்பார், பராக்கு பாத்துட்டன் என்பார். கவனக்குறைவு என்பது தாளில் அச்சாகும் சொல். வாழ்நாள் முழுவதும் சொற்களை எடைபோட்டுப் பழகிய நான், அது எந்தத் தாளிலிருந்து அவர் நாவுக்கு ஏறியது என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. தூய தமிழ்ச்சொல் ஒன்றைத் தொழிலாளி ஒருவர் இயல்பாகச் சொல்கிறாரே என்று உள்ளம் குளிர்ந்துபோனேன். ஒரு கணத் தவற்றை வாழ்நாள் விழிப்பாக மாற்றிக்கொண்ட மனிதர் என்று அவரைப் பற்றி ஒரு சித்திரத்தை நானே தீட்டிக்கொண்டேன். அது அழகான சித்திரம். அதை எங்கே காட்டுவது என்றுதான் காத்திருந்தேன்.

காட்டும் வாய்ப்பு அவருடைய தொழிற்சாலையிலிருந்தே வந்தது. பணியாளர் துறை மேலாளர், நன்கு பழகக்கூடிய இளைஞர், ஒருநாள் என்னைத் தேடி வந்தார். தொழிலாளர்க்கு மனக்கவன வாரம் ஒன்று நடத்துகிறார்களாம். பெங்களூரிலிருந்து பயிற்சியாளர் வந்து மூச்சைக் கவனிக்கக் கற்பிக்கிறாராம். தமிழில் ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்றார். ஏன் இப்போது இந்த வாரம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உணவுக்கூடத்தில் எல்லாரும் அமர்ந்திருந்தனர். தூண்மண்டபத்தாரைப் பற்றிப் பேசினேன். ஓசூர்த் தொழிலாளி புரிந்துகொள்ளும்படி எளிமையாகப் பேசியதாக எண்ணிக்கொண்டேன். “இயந்திரம் தவறுவதில்லை, மனமே தவறுகிறது,” என்றேன். முன்வரிசை கை தட்டியது. பிறகு, ஊரும் பெயரும் சொல்லாமல், தம் விரல்களை எண்ணிவிட்டுச் செயலைத் தொடங்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாணம் என்று எண்ணினேன். பொன்னாடை போர்த்தினார்கள்.

மூன்றாம் நாள் காலை, பகல் ஷிப்டுக்குப் போகுமுன், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்து என் வாசலில் நின்றார்.

“சார், நீங்க அன்னிக்கி சொன்னத போர்டு எழுதி மாட்டிட்டாங்க.”

“எங்கே?”

“பச்சை பெயின்ட் அடிச்ச பழைய பிரஸ்ஸு மேல. எம் மிசினுக்குப் பக்கத்து மிசின். பத்து நாளைக்கி முன்ன அதுலதான் ஒரு பொண்ணுக்குக் கை போச்சு.”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நாற்காலியில் அமர்ந்தேன். அவர் நின்றபடியே சொல்லச் சொல்ல, மனக்கவன வாரம் எதற்காக நடந்தது என்பது எனக்குப் புரிந்தது.

கெலமங்கலம் பக்கத்திலிருந்து வரும் பெண். இரண்டு குழந்தைகள். அந்தப் பிரஸ்ஸில் காலால் பெடலை ஒருமுறை மிதித்தால் இரும்பு ஒருமுறை இறங்கி மேலே நின்றுவிடவேண்டும். அவள் முடிந்த தகட்டை எடுக்கக் கையை நீட்டியபோது இரும்பு மறுபடி இறங்கிவிட்டது. வலக்கையில் நான்கு விரல்கள் போயின. அவள் மீண்டும் பெடலை மிதித்துவிட்டாள், இடுக்கியைப் பயன்படுத்தவில்லை, ஆகவே பிழை அவளுடையது என்றது நிறுவனம். தன் கால் தரையில் இருந்தது என்றாள் அவள். அடுத்த வாரம் விசாரணை. பிழை அவளுடையது என்று முடிவானால் அவள் வெறுங்கையுடன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்தக் கையிலும் ஒரு விரலே மிச்சம்.

இடுக்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு பிரஸ்ஸின் பக்கத்திலும் ஓர் ஆணியில் இடுக்கி தொங்கும். தகட்டை அதனால்தான் வைக்கவும் எடுக்கவும் வேண்டும் என்பது விதி. பொருள் வாங்கும் பெரிய நிறுவனத்தார் பார்வையிட வரும் நாளில் எல்லாரும் இடுக்கியைக் கையில் எடுப்பர். அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் இடுக்கிகள் ஆணிக்குத் திரும்பிவிடும். இடுக்கியால் வைத்தால் ஷிப்டுக்குரிய எண்ணிக்கை நிறையாது. நிறையாவிட்டால் சூப்பர்வைசர் எல்லார் முன்னிலையிலும் ஏசுவார். எல்லா நாளும் இடுக்கியை எடுத்தவர் இவர் ஒருவரே. எல்லா நாளும் ஏச்சு வாங்கியவரும் இவரே.

அன்று மாலை நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்பதே உண்மை. சொல்லத் தொடங்குமுன் அந்தப் பெண் வந்துவிட்டாள். கை தோள் வரை துணியால் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. என்னை யாரென்று அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நேரே அவரிடம் பேசினாள்.

“அண்ணா, நீங்க பக்கத்து மிசின்லதான இருந்தீங்க. எங்கால் கீழ இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க பேச்சுன்னா நம்புவாங்க.”

“நான் பாக்கலம்மா.”

“பாக்கலன்னா? எல்லாத்தயும் பாக்கறவரு நீங்க. கம்பெனியே சொல்லுது.”

“என் மிசினத்தான் பாத்துனு இருந்தன். நீ கத்துன பெறகுதான் திரும்பினன். உங்கால நான் பாக்கல.”

“பொய் சொல்லுங்கன்னு நான் கேக்கலண்ணா. எங்கால் கீழதான் இருந்துச்சு. நெசத்த சொல்றதுக்கு கண்ணால பாத்திருக்கணுமா?”

அவர் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்தார்.

“ஒரு வார்த்த சொன்னா உங்களுக்கு இன்னா கொறஞ்சிடும்? அந்தப் பொண்ணு கையப் பாருங்க.”

“பாத்தன்.”

“பாத்தாராம். இதைத்தான் பாப்பாரு.”

அந்தப் பெண் எழுந்தாள். அழவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “உங்க கை உங்களுக்கு பத்திரமா இருக்குதில்லண்ணா, அது போதும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் என் வீட்டுக்கு வந்து நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அவர் செய்தது சரியே என்று என் நூல்கள் கூறின. காணாததைக் கண்டேன் என்று சொல்லக்கூடாது. தன் ஆளுகைக்கு உட்படாததில் கை வைக்கக்கூடாது. எல்லாம் சரி. ஆனால் தம் கையையும் தம் இயந்திரத்தையும் விட்டு அகலாத அந்தக் கண்ணுக்கு, மூன்றடித் தொலைவில் இருந்த இன்னொருத்தியின் கால் தெரியவில்லை. நான் அவ்வளவு போற்றிய கவனத்தின் மீது முதன்முறையாக எனக்கு ஓர் அச்சம் தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் அவர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“சார், ஒரு பேப்பர் எழுதணும். நீங்க எழுதுனா நல்லா இருக்கும்.”

“அந்தப் பெண்ணுக்காகவா?”

“அவ கால நான் பாக்கல. அத எழுத முடியாது. என் கைய பத்தி எழுதணும்.”

வலக்கையை என் மேசையின் மீது வைத்தார். ஏழாண்டுகளில் அவர் அதை அப்படி வைத்து நான் கண்டதில்லை.

“பன்னெண்டு வருசத்துக்கு முன்ன. அப்பவும் கால் கீழதான் சார் இருந்துது. எனக்கு நல்லா ஞாபகம். அப்ப ஷூவெல்லாம் குடுக்கல, வெறுங்கால். மார்கழி மாசம், சிமெண்டுத் தரை சில்லுனு இருந்துது. அந்தச் சில்லுப்பு கால்ல இருக்கறப்பவே மேல இருந்து எறங்கிடுச்சு.”

“அப்படியானால் கவனக்குறைவு என்று…”

“ஆஸ்பத்திரியில படுத்துனு இருந்தப்ப பேப்பர் கொண்டாந்தாங்க. தொழிலாளியின் கவனக்குறைவால்னு டைப் பண்ணி இருந்துது. இதுல ரேகை வெச்சா வேலை பர்மனெண்டுன்னாங்க. வெச்சன். வலது கையில கட்டு. இடது கையில வெச்சன்.”

வலக்கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“அதே பிரஸ்ஸு சார். மேலயே நிறுத்திப் புடிக்கற ஸ்பிரிங்கு அப்பவே சரியில்ல. பெயின்ட்தான் மாத்துனாங்க.”

பிறகு அவர் சொன்னவை துண்டுதுண்டாக வந்தன. பக்கத்து இயந்திரத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமைதோறும், தம் வேலை இல்லாதபோதும், பச்சைப் பிரஸ்ஸுக்கு அவரே எண்ணெய் விட்டார். அதன் சத்தத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே தம் வேலையைச் செய்தார். சத்தம் மாறினால் போய்ச் சொல்வார். இருமுறை பிரித்துச் சரிசெய்தார்கள். ஏன் மாறுகிறது, முன்பு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரேகை பொய்யாகிவிடும், வேலை போய்விடும்.

“இந்த வாட்டி மாறுனது எனக்குக் கேக்கல சார். ரெண்டு வருசமா காது மந்தம். யாருக்கும் தெரியாது. ஊட்லகூட சொல்லல.”

நான் தீட்டிய சித்திரம் என் கண் முன்னே கிழிந்தது. தவற்றுக்கு வருந்தி விழிப்புற்றவர் என்று நான் கொண்டாடிய மனிதர், தாம் செய்யாத தவற்றை ஏற்றுக்கொண்டு, அதனால் மறைந்துபோன இயந்திரத்தின் பழுதைத் தம் ஒருவருடைய கண்ணாலும் காதாலும் ஈடுசெய்ய முயன்றவர். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மனிதர் ஓர் இரும்புச் சுருளின் வேலையைச் செய்திருக்கிறார். அவருடைய கவனம் பொய்யன்று. அது போதவில்லை.

நான் எழுதத் தொடங்கினேன். பழக்கம் விடவில்லை, முதற்பத்தியே நீண்டுவிட்டது. படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சார், ஊழின் வலியால்னு எழுதியிருக்கறீங்களே, அது இன்னாது?”

“விதியின் வலிமை என்று பொருள்.”

“விதி இல்ல சார். ஸ்பிரிங்கு.”

அடித்தேன். இருண்ட அந்நாளில் என்பதை அடிக்கச் சொன்னார். பகல் ஷிப்ட் என்றார். நெஞ்சம் பதைக்க என்பதையும் அடித்தேன். இறுதியில் ஏழு வாக்கியங்கள் மிஞ்சின. ஆறாவது: “என் கால் தரையில் இருந்தது.” ஏழாவது: “முன்பு நான் ரேகை வைத்த தாளில் இருப்பது உண்மை இல்லை.” என் எழுத்து வாழ்க்கையில் அவ்வளவு நேரான ஏழு வாக்கியங்களை நான் எழுதியதில்லை.

கையொப்பமிடும் முன் கேட்டேன். “இதனால் உங்கள் வேலை போகலாம். வீட்டில் சொன்னீர்களா?”

“சொல்லிட்டன். காதையும் சொன்னன்.”

“என்ன சொன்னார்கள்?”

“காத மறைச்சதுக்குத்தான் மொதல்ல திட்டுனா.”

விசாரணை தொழிற்சாலையின் கூட்ட அறையில் நடந்தது. அந்தப் பெண்ணின் முறையீட்டால் அரசுத் தொழிற்சாலை ஆய்வாளரும் வந்திருந்தார். நரைத்த, அதிகம் பேசாத மனிதர். தாளை எழுதியவன் என்ற முறையில் என்னையும் இருக்கவிட்டார்கள். பணியாளர் துறை மேலாளர் பேசும்போது என் பக்கம் கை காட்டினார். “ஐயாவே அன்னிக்கி தெளிவா சொன்னாங்க. மெஷின் தப்பு பண்ணாது, மனசுதான் தப்பு பண்ணும்னு.”

நான் எழுந்தேன். “அந்த வாக்கியத்தை இயந்திரத்தைப் பார்க்காமல் சொன்னேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் பலகையைக் கழற்றிவிட வேண்டுகிறேன்,” என்றேன். ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார். அந்தப் பெண் அப்போதுதான் என்னை முதன்முறையாகப் பார்த்தாள்.

பிறகு ஏழு வாக்கியங்கள் படிக்கப்பட்டன. மேலாளர் முகம் இறுகியது.

“அப்ப பன்னெண்டு வருஷம் முன்னாடி நீங்க குடுத்தது பொய்யா?”

“பொய்தாங்க.”

“ஏன் குடுத்தீங்க?”

“ஊட்ல ரெண்டு புள்ளைங்க இருந்தாங்க.”

“இப்ப மட்டும் ஏன் மாத்தறீங்க? இப்ப புள்ளைங்க இல்லையா?”

“இப்பவும் இருக்கறாங்க.”

ஆய்வாளர் பேனாவை மூடினார். “மெஷினைப் பிரிங்க. இப்பவே, என் முன்னாடி,” என்றார்.

எல்லாரும் இயந்திரக்கூடத்துக்குப் போனோம். பலகையை யாரோ அவசரமாக இறக்கிச் சுவரோரம் திருப்பி வைத்திருந்தார்கள். மெக்கானிக் பச்சைப் பிரஸ்ஸின் பக்க மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். ஒரு சுருள்கம்பியை எடுத்தார். சுண்டுவிரல் நீளம். நடுவில் முறிந்திருந்தது. முறிந்த இடம் புதிதாகப் பளபளக்கவில்லை. துரு ஏறிப் பழுப்பாக இருந்தது. அந்தப் பெண் இடக்கையை நீட்டினாள். மெக்கானிக் ஆய்வாளரைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும் அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“இத்துனூண்டா?” என்றாள்.

ஆய்வாளர் அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்து, அறிக்கையில் விபத்துக்கான காரணம் என்ற இடத்தில் இருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். அவளுடைய சிகிச்சையை நிறுவனம் ஏற்றது. கை ஆறியதும் ஸ்டோரில் வேலையும் கொடுத்தது. அவள் என் அண்டைவீட்டுக்காரரை நோக்கித் தலையை ஒருமுறை தாழ்த்தினாள். அவரும் தாழ்த்தினார். அவரை, பொய்யான வாக்குமூலம் தந்தமைக்காக மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அடையாள அட்டையைக் கேட்டார்கள். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

நாங்கள் இருவரும் கேட்டைக் கடந்து வெளியே வந்தோம். ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனிப் பேருந்துகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரிசையாய்த் திரும்பின. அவர் மிக அமைதியாக நடந்தார். இத்தகைய வேளைக்கென்றே அந்தத் தூண்மண்டபத்தார் எத்தனையோ உரைத்திருக்கிறார்களே, அதை இவர் தம் மொழியில் இப்போது சொல்லப் போகிறார், நான் கேட்கப் போகிறேன் என்று எதிர்பார்த்தேன். இதை எழுதவே நாணமாக இருக்கிறது, குறிப்பேட்டைக்கூட நினைத்துக்கொண்டேன்.

சாலையோரத்தில் தேநீர்க் கடையின் சிமெண்டுப் பலகையருகே நின்றார்.

“சார், கொஞ்சம் உக்காரலாமா?”

அமர்ந்தோம்.

“பயமா இருக்குது சார். ரொம்ப பயமா இருக்குது.”

நம் ஆளுகைக்குள் உள்ளது, உட்படாதது என்று நான் ஏதோ தொடங்கினேன். அவர் மூன்று விரல் கையை என் முழங்காலின் மீது வைத்தார்.

“ஒன்னும் சொல்லாதீங்க சார். பக்கத்துல உக்காந்திருங்க, போதும்.”

அமர்ந்திருந்தேன்.